குடையின் சொந்தப் பெயர்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எனக்கும் அத்தானுக்கும் உடம்பு பரவாயில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இந்த மாதம் என்னை இஸ்திரி மேடைக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க நீராவிக்குள் நிற்பதால் குளிர் தெரியவில்லை. உன் இருமல் விட்டதா, உன் வீட்டுக்காரிக்கு முதுகுவலி எப்படி, குட்டிக்கு எத்தனை பல் விழுந்தது, ஒன்று விடாமல் எழுது. போனில் பேச வேண்டாம் என்று நீ சொன்னது சரிதான். படை கிளம்பியதும் ஆட்சியைப் பிடித்தவர்கள் தெருமுனைக்குத் தெருமுனை நின்று போனை வாங்கிப் பார்க்கிறார்களாமே. இனி மருந்துக்காரர்தான் நமக்குத் தபால்காரர். மாதம் ஒரு தடவை எல்லை தாண்டி வருகிறார். அட்டைப்பெட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். படித்ததும் கிழித்து அடுப்பில் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மூன்று பேருக்கும் மனுக் கொடுத்துவிட்டேன். இந்த நாட்டுப் படையோடு அங்கே வேலை பார்த்த மொழிபெயர்ப்பாளர்களைக் குடும்பத்தோடு இங்கே கூட்டி வருவோம் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். அதற்கென்று தனி அலுவலகம், தனி ஜன்னல். ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குச் சிரித்த முகம். இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும், அதற்குப் படையின் சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான் என்றாள். நீ இரண்டு வருஷம் ஏழு மாதம் பார்த்தவன். கேப்டன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை எனக்குப் போனில் படித்தே காட்டினாய். பிறகென்ன, அடுத்த பெட்டியில் அதை அனுப்பிவை.

விண்ணப்பத்தில் விலாசத்தைக் காலியாக விடக் கூடாது என்றார்கள். எழுதிவிட்டேன். பக்கத்திலேயே சிவப்பு மையில், எந்தக் கடிதமும் அங்கே போகக் கூடாது, எல்லாம் என் வீட்டுக்கே வர வேண்டும் என்று எழுதி, அந்தப் பெண்ணிடம் வாயாலும் சொன்னேன். தலையாட்டினாள்.

உன் அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இருமல் மருந்துக்கு அடியில் வந்து சேர்ந்தது. மருந்தைத் திறப்பதற்குள் இருமலே போய்விட்டது. இவளுக்கு முதுகு அப்படியேதான் இருக்கிறது. குட்டிக்கு முன்பல் இரண்டும் போய்விட்டன. சிரித்தால் கதவைத் திறந்துவைத்த மாதிரி இருக்கிறது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

நான் மாமனார் வீட்டுப் பின்னறையில் தையல் மிஷின் பழுது பார்க்கிறேன். வெளியே தலை காட்டுவதில்லை. அவர் மிஷினை வாங்கி வருவார், நான் பிரித்துப் பூட்டுவேன், அவர் கொண்டுபோய்க் கொடுப்பார். இந்த வயசில் இவருக்கு இவ்வளவு கைவேலை எங்கிருந்து வந்தது என்று ஊரில் எல்லாருக்கும் ஆச்சரியமாம். மனுஷருக்கும் இப்போதெல்லாம் பெருமை தாங்கவில்லை, என்னிடமே ஊசி மாட்டுவது எப்படி என்று விளக்குகிறார்.

ஜன்னல்காரப் பெண் கேட்டால் இதைச் சொல். முகாமில் என் சொந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. முதல் நாள் மழையில் குடை பிடித்துக்கொண்டு போனேன். வாசலில் காவல் நின்றவன் "குடை ஒண்ணு வந்திருக்கு" என்று உள்ளே சொன்னான். அன்றிலிருந்து நான் குடை. வயர்லெஸ்ஸில் குடை, சாப்பாட்டு வரிசையில் குடை, சம்பளப் பட்டியலிலும் சான்றிதழிலும்கூடக் குடை. படம் எடுத்தால் முகத்தைத் துணியால் மூட வேண்டும். பெயரும் முகமும் வெளியே போனால் குடும்பத்துக்கு ஆபத்து என்பதில் கேப்டன் ரொம்பக் கண்டிப்பு.

அவரைக் கண்டுபிடி அக்கா, அது போதும். ஒரு தடவை சோதனைச்சாவடியில் ஒருவன் கத்திக்கொண்டே ஓடி வந்தான், துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள். அவன் மிரட்டவில்லை, வண்டிக்குள் மனைவிக்குப் பிரசவ வலி என்கிறான் என்று நான் குறுக்கே போய் நின்று சொன்னேன். அன்றைக்குக் கேப்டன் என் தோளைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. அவர் என்னை எப்படி மறப்பார்.

சான்றிதழைத் தேட வேண்டும். வீடு மாறி வந்ததில் எந்தப் பெட்டிக்குள் போனதோ.

தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய படத்தை ஜன்னலில் காட்டினேன். எட்டுப் படைவீரர்களுக்கு நடுவில் துணி சுற்றிய தலை ஒன்று. "இது யாரா வேணா இருக்கலாமே" என்றாள் அந்தப் பெண். பட்டியலைப் பாருங்கள் என்றேன். பார்த்தாள். குடை என்று ஒரு பெயர் இருக்கிறதாம், அது யார் என்று எங்கேயும் இல்லையாம். "அவங்க பாதுகாப்புக்காகத்தான் நிஜப் பேரை நாங்க எழுதி வைக்கவே இல்ல" என்று பெருமையாகவே சொன்னாள். உன்னைக் காப்பாற்றுவதற்காக உன்னை இல்லாமலே ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் வாயைத் திறக்காமல் வந்தேன், திறந்தால் மனு கெட்டுப்போகும்.

சான்றிதழ் வேண்டும் தம்பி. வீட்டில் இருப்பதே நாலு பெட்டி, அதில் தேட ஒன்றரை மாதமா? சின்ன வயசிலிருந்தே உனக்கு ஒரு பொருளை வைத்த இடம் தெரியாது. உன் வீட்டுக்காரியைத் தேடச் சொல்.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அத்தானுக்குச் சர்க்கரை குறைந்ததா?

சான்றிதழ் கிடைக்காது என்று நினைக்கிறேன். மழையில் ஒரு பெட்டி நனைந்தது, அதில் இருந்திருக்கும். இனிக் கடிதத்தில் அதைப் பற்றிக் கேட்காதே. உன் கடிதங்களை இவளும் படிக்கிறாள், வீணாகக் கவலைப்படுவாள். கேப்டனைப் பார், அவர் ஒரு வரி எழுதினால் ஆயிரம் சான்றிதழுக்குச் சமம்.

நம் பழைய தெருவில் முடிவெட்டும் கடைக்கு மேலே குடியிருந்தாரே, படைக்கு லாரி ஓட்டியவர், அவரை வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி இரண்டு நாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாம் நாள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் கொஞ்சம் பயந்துதான் இருக்கிறேன், உன்னிடம் சொல்வதற்கு என்ன.

குட்டிக்கு ஒரு பல் முளைத்துவிட்டது.

தம்பி


மே 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். முறைக்கு எழுதிவிட்டேன். இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்து படி.

கேப்டனைக் கண்டுபிடித்தேன். ஓய்வுபெற்று நகராட்சி நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கிறார். கழுத்தில் விசில், காலில் ரப்பர் செருப்பு. குடையின் அக்கா என்று சொன்னதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அவனுக்கு அக்கா வேற இருக்கீங்களா? சொல்லவே இல்லையே. போன மாசம்கூட வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போனான்."

"யாருங்க வந்தது?"

"குடைதான். ஏர்போர்ட்டுக்கு நானே போய்க் கூட்டிட்டு வந்தேன். சான்றிதழ் என் கையெழுத்துதானான்னு கேட்டாங்க, ஆமான்னேன். குடை மூணு வருஷத்துக்கு மேல இருந்தானான்னு கேட்டாங்க, ஆமான்னேன்."

"உங்ககிட்ட ஒரு குடைதான் இருந்ததா?" என்று கேட்டேன். அந்த ஆள் விசிலைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார். "ரெண்டு பேர். முதல் ஆள் வேலையை விட்டுப் போனப்ப இன்னொருத்தன் வந்தான். வயர்லெஸ்ல கூப்பிட்டுப் பழகிட்டோம், பேரை மாத்தல. எண்ணிச் சொல்லச் சொன்னாங்கன்னா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல."

"என் தம்பி பேர் என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"கேட்டதே இல்லைங்க. அவன் நல்லதுக்குத்தான் கேக்கல."

உன்னோடு இரண்டரை வருஷம் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர், தம்பி. உன் சான்றிதழை எவனோ திருடிக்கொண்டு வந்து, உன் வருஷங்களையும் தன் மாதங்களோடு சேர்த்துக்கொண்டு, இங்கே குடியிருக்கிறான். விலாசம் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவனை ஜன்னலுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தாமல் விட மாட்டேன்.

அக்கா


மே 30

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். அவனைப் பார்க்கப் போகாதே. திருடன் என்று யாரிடமும் சொல்லாதே. காரணம் கேட்காதே.

தம்பி


ஜூன் 6

தம்பி,

நீ போகாதே என்று எழுதிய கடிதம் வருவதற்குள் நான் போய் வந்துவிட்டேன். இதை மிஷின் ஊசிப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறேன். நீ மட்டும் படி. அந்த அளவுக்கு நான் உனக்கு இன்னும் அக்காதான்.

நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தவன் ஊன்றுகோலில் நின்றான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நம் ஊர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மகன். நாக்கு நுனியில் வைத்திருந்த திட்டெல்லாம் அங்கேயே போயிற்று. உள்ளே அவன் அம்மா, கர்ப்பமாக இருக்கிற மனைவி. நான் யார் என்று சொன்னதும் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அண்ணன்தான் குடுத்தாருக்கா. நான் கேக்கல. எனக்கு எட்டு மாசம்தான் ஆயிருந்துச்சு. ஆஸ்பத்திரில கிடந்ததை வேலைன்னு எடுத்துக்க மாட்டோம்னுட்டாங்க. அண்ணன் சான்றிதழை என் சட்டைப்பையில சொருகிட்டு, எனக்கு ரெண்டு கால் இருக்கு, நான் ஓடிக்குவேன்னாரு."

பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறான். மழையும் பெய்யவில்லை, பெட்டியும் நனையவில்லை.

நாலு மாதமாக என்னை அலைய விட்டாயே, இது உனக்கே நன்றாக இருக்கிறதா? கொடுக்க உனக்கு என்ன உரிமை? அது உன் ஒருவனுடைய தாளா? குட்டியின் தாள் அது. நாளைக்கு ஜன்னலில் போய் நடந்ததைச் சொன்னால் உன் மனு ஜெயிக்கும், இவர்கள் மூன்று பேரையும் விமானம் ஏற்றி அங்கேயே அனுப்பிவிடுவார்கள். சொல்லட்டுமா?

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டியது எல்லாம் சரி. திட்டாமல் எழுதியிருந்தால்தான் பயந்திருப்பேன்.

குட்டி பிறந்தபோது இவள் அழுதாள் என்று வேலையை விட்டேன். மாற்று ஆளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போ என்றார் கேப்டன். கண்ணாடிக்கடையில் அவன் சும்மா உட்கார்ந்திருந்தான், மொழியும் தெரியும். நல்ல வேலை, நல்ல மனிதர்கள், பயமே இல்லை என்று அவன் அம்மாவிடம் நான்தான் உட்கார்ந்து பேசினேன். அந்த அம்மா எனக்கு நன்றி சொன்னாள். எட்டாவது மாதம் வண்டி வெடித்தது. நான் உட்காரும் இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான்.

படை கிளம்புகிற வாரம் அவன் ஊன்றுகோலோடு முகாம் வாசலில் மூன்று நாள் நின்றான். யாரும் உள்ளே விடவில்லை. அதைப் பார்த்துவிட்டு என் சான்றிதழைப் பெட்டியில் வைத்திருக்க என்னால் முடியவில்லை. அதோடு, எனக்குத் தாள் எதற்கு, கேப்டனுக்கு என்னைத் தெரியும் என்று நினைத்தேன். அதுதான் என் முட்டாள்தனம். அவர்கள் பேசியதையெல்லாம் நம் ஆட்களுக்குச் சொன்னேன், நம் ஆட்கள் பேசியதையெல்லாம் அவர்களுக்குச் சொன்னேன். என் பேச்சு என்று ஒரு வார்த்தை அங்கே யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பிறகு எப்படித் தெரிந்திருக்கும்?

ஜன்னலில் எதுவும் சொல்லாதே. அவனுக்கு ஓட முடியாது. இவளுக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம்.

தம்பி


ஆகஸ்ட் 5

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலமா? எனக்கு நீராவியில் கை கொப்பளித்து ஆறிவிட்டது.

நீ சொன்னதைப் பாதிதான் கேட்டேன். மீதியைக் கேட்க என்னால் முடியவில்லை. குளத்துக்குப் போய், நாலு அம்மாக்கள் பார்க்க, கேப்டன் முன்னால் அழுதேன். மனுஷர் பயந்துபோய் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெயரில் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள், முதல் ஆள் இரண்டு வருஷம் ஏழு மாதம் இருந்தார், நேர்மையானவர், அவ்வளவுதான். யார் வந்தது, யார் வரவில்லை என்று ஒரு சொல் இல்லை. கால் போனவனைப் பற்றி நானும் மூச்சு விடவில்லை.

ஜன்னல்காரப் பெண் வாங்கி முத்திரை குத்தினாள். விசாரித்துவிட்டுச் சொல்வார்களாம். முதல் தடவையாக "ஆகாது" என்று சொல்லவில்லை. உள்ளறையில் இருந்த தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் அத்தான் எடுத்து ஒழித்துவிட்டார். மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான். கோபம் வந்தால் இங்கே வந்து என்னைத் திட்டு.

அக்கா


செப்டம்பர் 10

தம்பி,

இந்த மாதப் பெட்டி வந்தது, உன் கடிதம் இல்லை. இன்று ஜன்னலுக்குப் போனேன். விசாரணைக் கடிதத்தை உங்கள் தம்பிக்கே அனுப்பிவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். என் வீட்டுக்கு அல்ல, உன் வீட்டுக்கு. சாதாரணத் தபாலில். சிவப்பு மையைக் காட்டினேன். "விதிப்படி மனுதாரருக்கு நேரடியாத்தான் தெரிவிக்கணும்" என்றாள்.

கடிதம் இன்னும் வரவில்லை என்றால் தபால் ஆபீஸ் பக்கம் யாரையும் அனுப்பாதே. மூன்று பேரும் இன்றைக்கே வீட்டை விட்டுக் கிளம்புங்கள். எங்கேயாவது போங்கள். ஒரு வரி எழுது.

அக்கா


அக்டோபர் 19

அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். குட்டிக்குக் காய்ச்சல் விட்டது.

அவரைச் செப்டம்பர் ஆறாம் தேதி கூட்டிக்கொண்டு போனார்கள். அன்று காலையில் அந்த நாட்டுச் சின்னம் போட்ட உறை வந்தது. யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள், அதை மறைக்கக்கூட இல்லை. இன்னார் மகன் இன்னாராகிய நீங்கள், குடை என்ற பெயரில், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை எங்கள் படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்ததாகச் சொல்வதை முப்பது நாளுக்குள் நிரூபிக்க வேண்டும் என்று இருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். "பரவாயில்லையே, என் பேரைப் பிழையில்லாம எழுதியிருக்காங்க" என்றார். ஓடலாம் என்று நான் துணி எடுத்து வைப்பதற்குள் வாசலில் மூன்று பேர் நின்றார்கள். "குடை யாரு?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்று சொல்லி, கையில் இருந்த மிஷின் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போனார். அவர்கள் வேறு எதுவும் கேட்கவில்லை.

போன வாரம் கொன்றுவிட்டார்கள். உடலைக் கொடுக்கவில்லை. சந்தை வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். என் அப்பா பசை காய்வதற்குள் போய்ப் பெயர்த்து எடுத்து வந்தார். அதில் அவர் பெயர், மாமா பெயர், தெரு, குடை என்கிற பெயர், வேலைக்குச் சேர்ந்த தேதி, விட்ட தேதி எல்லாம் அந்த உறையில் வந்த கடிதத்தில் இருந்தபடியே இருக்கின்றன. கீழே முத்திரை. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். அவர்கள் கேட்ட நிரூபணம் இதுதானே. குட்டியையும் என்னையும் மட்டுமாவது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சான்றிதழை அவர் யாருக்குக் கொடுத்தார் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். பெட்டியில் துணி அடுக்குகிறவள் நான்தானே, கண்ணாடிக்கடைப் பையன் ஊரை விட்டுக் கிளம்பியதும் தெரியும். அவரே சொல்லட்டும் என்று இருந்தேன். என்னைக் கேட்டிருந்தால் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை போலிருக்கிறது.

குட்டியின் அம்மா


நவம்பர் 9

அம்மாடி,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. குட்டியைப் பார்த்துக்கொள்.

ஜன்னலுக்குப் போனேன். நம் மொழி அவளுக்குத் தெரியாது, நான்தான் வரி வரியாகச் சொன்னேன். அவன் பெயரைச் சொன்னேன், அப்பா பெயர், தெரு, குடை, இரண்டு தேதி. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இதைத்தாங்க இவ்வளவு நாளாக் கேட்டோம். பேரு, பட்டப்பேரு, தேதி, முத்திரை, எல்லாம் ஒரே தாள்ல இருக்கு. இதை முதல்லயே கொண்டாந்திருந்தா உங்களுக்கு இவ்வளவு அலைச்சலே இல்லையே" என்றாள். அப்புறம் கடைசி வரியைச் சொன்னேன். தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவள் விண்ணப்பத்தில் மூன்று என்றிருந்ததை அடித்து இரண்டு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாள்.

நீயும் குட்டியும் வரலாம். அனுமதிக் கடிதத்தை உன் விலாசத்துக்குத் தபாலில் அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள், காவல்காரர் வந்து தோளைத் தொட்டார். கையில் கொடுக்கும்வரை நான் விடவில்லை.

கேப்டனிடம் அழுது எழுதி வாங்கியவள் நான். அவன் வேண்டாம் என்று சொன்னதை மீறி வாங்கினேன். என் முகத்தைப் பார்க்க உனக்கு மனசு வருமா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் வா.

உன் அண்ணி